காரை இழுக்கும் வீடு

என் அக்கா குணலட்சுமிக்குச் சீதனமாகச் சொன்னது ஒரு கல்வீடும் ஒரு காரும். சொன்னவர் எங்கள் ஐயா கனகசபாபதி. தொண்ணூறாம் ஆண்டு தை மாதம், கீரிமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னார். எதிரே இருந்து கேட்டவர் மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மா. அச்சுவேலியில் அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத் தப்பியவர் எவரும் இல்லை என்று தரகர் நமசிவாயம் முதலே எச்சரித்திருந்தார். ஐயா அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சீமெந்துத் தொழிற்சாலையில் ஸ்ரோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு ஆணி குறைந்தாலும் நித்திரை கொள்ளாதவர். அவரா வாக்கில் குறை வைப்பார்?

ஆனியில் சண்டை தொடங்கியது. கல்வீடு ஆமிக்காரர் பிடித்த பக்கம் போனது. கார் எங்களோடு வந்தது. மற்றச் சனங்கள் அரிசியையும் நகையையும் பிள்ளைகளையும் கொண்டு ஓடியபோது ஐயா காரைக் கொண்டு ஓடினார். அம்மாவின் அம்மிக்கு அதில் இடமிருக்கவில்லை. பின்சீற்று நிறையக் காருக்கான உதிரிச் சாமான்கள் இருந்தன. இதை அம்மா மறக்கவில்லை, நானும் மறக்கவிடுவதில்லை.

புத்தூரில் அம்மாவின் தமையன் வீட்டுப் பின்பக்கத்தில் எங்களுக்கு இரண்டு அறை கிடைத்தது. கார் மாமரத்தின் கீழ் நின்றது. வடக்குக்குப் பெற்றோல் போகக்கூடாது என்று கொழும்பு தடை போட்டுவிட்டதால் ஊர்க் கார்களெல்லாம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. எங்கள் பழைய ஒஸ்ரின் காரும் கொஞ்சக் காலம் அதைக் குடித்து, இருமி இருமி ஓடி, ஒருநாள் நீர்வேலியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மாட்டைப் பிடித்துக் கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தோம். ஓடுகிற கார் என்று கலியாணப் பேச்சில் ஒருவரும் சொல்லவில்லையே என்று ஐயா சட்டம் பேசினார். உண்மையைச் சொன்னால், இரத்தினம்மா மாமியும் காரில் குறை பிடிக்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் வீடு எங்கே என்றுதான்.

வீடு கட்ட வழியில்லை. சீமெந்து தடை, கம்பி தடை, கூரை ஓடும் மரமும் கைக்கு எட்டாத விலை. காலம் முழுக்கச் சீமெந்துக்குக் காவல் இருந்த மனிதரால் ஒரு பை சீமெந்து எடுக்க முடியவில்லை. மண்சுவர் வைத்துத் தென்னோலைக் கிடுகால் வேய்ந்து தருகிறேன் என்று ஐயா தரகரிடம் சொல்லி அனுப்பினார். கொட்டிலுக்கு மருமகள் எடுக்கும் நிலையில் தான் இல்லை என்று மாமியிடமிருந்து மறுமொழி வந்தது. அதோடு கலியாணம் நின்றது.

நின்றது என்றால் ஒரேயடியாக நிற்கவும் இல்லை. மாப்பிள்ளை கதிரவேலு அச்சுவேலிச் சங்கக்கடையில் மனேச்சர். ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்கிளில் புத்தூருக்கு வந்து, ஐயாவோடு உலக விசயம் கதைத்துவிட்டு, போகும்போது அக்காவின் கையில் அரைக்கட்டிச் சவுக்காரம் ஒன்றை வைத்துவிட்டுப் போவார். பூவும் கடிதமும் கொடுத்த காதலர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்தத் தடைக்காலத்தில் சவுக்காரம் கொடுத்தவரைவிடப் பெரிய காதலர் யாழ்ப்பாணத்தில் இருந்திருக்க முடியாது. நல்ல மனிதர். ஆனால் தாய் கிழித்த கோட்டைத் தாண்டத் தெரியாத நல்ல மனிதர். தாய் சொன்னாலும் சரி என்பார், அக்கா சொன்னாலும் சரி என்பார். இரண்டு பேரும் எதிரெதிராகச் சொன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அக்கா முப்பதைத் தாண்டி முப்பத்தைந்துக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தாள். சவுக்காரத் துண்டுகளைப் பாவிக்காமல் பெட்டிக்குள் அடுக்கி வைத்தாள்; உடுப்பை எல்லாம் சாம்பல் தண்ணீரில் தோய்த்தாள். இந்தக் கலியாணம் நடக்குமா, அவள் இப்படியே இருந்துவிடுவாளா என்பதுதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. அக்கா முடித்தால்தான் அடுத்தவளான பாலேஸ்வரிக்கு, அதாவது எனக்கு, வழி திறக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பேச்சில் கொஞ்சம் புளிப்பு இருந்தால் அதற்கும் காரணம் இருக்கிறது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை கதிரவேலு கொண்டுவந்த சீனி, ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாளில் சுற்றியிருந்தது. ஐயா தாளைத் தட்டி விரித்துப் பார்த்தார். பஸ் அளவில் ஒரு வாகனம். அதற்குள் கட்டில், அடுப்பு, யன்னலுக்குச் சீலை. அதன் பின்னால் ஒரு காரைக் கொளுவி இழுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரனும் பெண்சாதியும் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்களை யாரும் துரத்துவதாகத் தெரியவில்லை. ஐயா அன்று பின்னேரம் முழுக்க அந்தத் தாளை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"வீட்டையும் காரையும் ஒண்டாய்க் குடுக்கப்போறன். வீடு முன்னாலை போகும், கார் பின்னாலை வரும். இனி எத்தினை சண்டை வந்தாலும் பிள்ளையின்ரை சீதனம் ஒரு இடத்திலையும் விடுபடாது."

அந்த வெள்ளைக்காரி கக்கூசுக்கு எங்கே போவாள் என்று அம்மா கேட்டாள். ஐயா தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பகுதி கிழிந்திருந்தது.

பைத்தியம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அந்த நாட்களில் ஊரில் யாருக்குப் பைத்தியம் இல்லை? அடுத்த நாள் ஐயா வாகனம் பார்க்கப் புறப்பட்டபோது அக்கா தலைவாரிக்கொண்டு தானும் வந்தாள். தன் வீட்டைத் தான் பார்க்க வேண்டாமா என்றாள்.

முதலில் பார்த்தது ஒரு பஸ். ஆவரங்காலில் ஒரு வளவுக்குள் ஓடாமல் நின்றது. ஐயாவுக்கு அதன் யன்னல்கள் பிடித்துவிட்டன. நல்ல காற்றோட்டம், பத்துப் பேர் வந்தாலும் இருக்க இடம். அக்கா நடுவில் ஒரு சீற்றில் இருந்து நாலு பக்கமும் பார்த்தாள். இதற்குள் குடித்தனம் நடத்தினால் ஊரே ரிக்கற் இல்லாமல் பார்க்கும் என்றாள். அதை ஐயா பொருட்படுத்தவில்லை. பஸ்ஸின் பின்பக்கம்தான் அவரைத் தடுத்தது. இரண்டு வரிசை சீற்றுக் கூட வைப்பதற்காக யாரோ பின்சில்லுச் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பை நீட்டிக் கட்டியிருந்தார்கள். அந்த வாலில் காரைக் கட்டி இழுத்தால் வால்தான் கழன்று காரோடு நிற்கும் என்று வளவுக்குச் சொந்தக்காரரான கராச்காரர் சொன்னார். பிறகு ஒரு பாண் வான் வந்தது. இழுக்கும், ஆனால் பாண் மட்டும்தான் அதற்குள் படுக்கலாம். ஐயாவின் கணக்கு இப்படி இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குக் காணும் வாகனம் காரை இழுக்காது. காரை இழுக்கிறது வீட்டுக்குக் காணாது.

கடைசியில் குருநகரில் யாகோப்புவின் லொறி அகப்பட்டது. யாகோப்பு கொழும்புக்கு மீன் ஏற்றிய மனிதர். பாதை அடைபட்ட பிறகு லொறியைப் பனையோலையால் மூடிப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் குளிர் காக்கும் ரெஜிபோம் வைத்து அடைத்த பெரிய பெட்டி. உள்ளே போனால் நடு மத்தியானத்திலும் குளிர்ந்தது. பின்சில்லு வாலோடு ஒட்டி இருந்தது. அடியில் கொளுவி இழுக்கப் பெரிய இரும்புக் கொக்கி வேறு. மலையில் பழுதாகி நின்ற பஸ்ஸையே தான் இழுத்து ஏற்றியதாக யாகோப்பு சொன்னார். எந்த மலை, எந்த பஸ் என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ஐயாவோடு கதைத்தார்.

"இழுக்கிறது பெரிய காரியமில்லை ஐயா. நிப்பாட்டுறதுதான் காரியம். கயித்திலை கட்டினியளெண்டால், முன்னாலை நீங்கள் பிறேக் அடிக்க, பின்னாலை உங்கடை கார் வந்து உங்கடை குசினியை இடிக்கும். காருக்குள்ளை ஒரு ஆள் இருந்து சுக்கானும் பிறேக்கும் பிடிக்கோணும்."

எல்லாம் பொருந்தியது. மணம்தான் பொருந்தவில்லை. சந்தையில் மீன் விற்கும் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் ஐயா வேலிக்கு மறுபக்கத்தால் சுற்றிப் போகிறவர். அன்றைக்கு லொறிப் பெட்டிக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார். ஒருபக்கம் பரம்பரைச் சைவம், மறுபக்கம் கொடுத்த வாக்கு. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வாக்கு வென்றது. அம்மாவின் தையல் மெசினும் ஐயாவின் றலிச் சைக்கிளும் யாகோப்புவின் வீட்டுக்குப் போக, மீன் லொறி புத்தூருக்கு வந்தது.

காருக்குள் இருந்து சுக்கான் பிடிக்கும் ஆள் நான்தான். ஐயா லொறிக்குள் யாகோப்புவுக்குப் பக்கத்தில் இருந்து வழி காட்ட வேண்டும், அம்மா மாட்டேன் என்றாள், அக்கா மணப்பெண். பரீட்சை ஓட்டம் அச்சுவேலிவரை. மண்ணெண்ணெயில் வேறு எண்ணெயைக் கலந்து குடித்த லொறி கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு முன்னால் போக, செத்த காருக்குள் நான் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. கயிறு தளர்ந்தால் பிறேக், இறுகினால் விடு, அவ்வளவுதான் வித்தை. இதை யாருக்கும் சொன்னதில்லை, எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

லொறியை வீடாக்கும் வேலை அதற்குப் பிறகு தொடங்கியது. மஞ்சள் தண்ணீரால் கழுவினோம், சாணத் தண்ணீரால் கழுவினோம், வேப்பிலைப் புகை போட்டோம், சாம்பிராணி போட்டோம். ஐயர் வந்து மூக்கைச் சுளிக்காமல் புண்ணியதானம் செய்து தீர்த்தம் தெளித்தார். வெயில் நாளில் மணம் இருக்காது. மழை பெய்தால் மீன் திரும்பி வரும்.

வீடு என்றால் நிலையம் பார்க்க வேண்டுமல்லவா? சாத்திரியார் முத்துக்குமாரு வந்தார். எங்கள் பக்கத்தில் வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று பார்க்காமல் கோழிக்கூடுகூடக் கட்டமாட்டார்கள். லொறியின் வாசல் பின்பக்கம்; ஆகவே லொறி மேற்கைப் பார்த்து நின்றால் வீடு கிழக்கைப் பார்க்கும். அக்கினி மூலை வாசலோடு ஒட்டி வந்தது, அடுப்பை அங்கே வைத்தோம். ஓடும்போது திசை மாறுமே என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். சாத்திரியார் கண்ணை மூடி யோசித்துவிட்டு, ஓடும்போது அது வாகனம், நின்றால்தான் வீடு, வாகனத்துக்குத் திசைத்தோசம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். இப்படிப்பட்ட அறிவாளிகள் இருந்த நாடு எப்படித் தோற்றது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

தொண்ணூற்றைந்து தையில் சமாதானம் வந்தது. சண்டையை நிறுத்திவிட்டார்கள், மெழுகுதிரியும் சவுக்காரமும் கடைக்கு வந்தன. இனி ஓட்டமில்லை என்று சனம் கூரை மாற்றத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் இரத்தினம்மா மாமி வீடு பார்க்க வந்தார். முழங்கால் வருத்தக்காரி, மகனின் சைக்கிள் கரியரில் குந்திக்கொண்டு வந்து இறங்கினார். லொறியை ஒரு சுற்றுச் சுற்றினார். படியில் மகனின் தோளைப் பிடித்து ஏறி, அடுப்பைப் பார்த்தார், சாமித்தட்டைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். மழை இல்லாதபடியால் மீனும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்கா தேத்தண்ணியை நீட்டாமல் பிடித்தபடி மாமியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குறை சொல்ல ஒண்டுமில்லை அண்ணை," என்றார் மாமி. "ஆனால் சில்லு இருக்கே. சில்லு இருக்கிறதுக்கு வீடெண்டு ஆரும் பேர் சொல்லுவினமே? இனி ஆர் ஓடப்போகினம்? சில்லைக் கழட்டிப்போட்டு அத்திவாரத்திலை இருத்துங்கோ."

ஐயா வாயைத் திறந்தார். இந்த லொறியை அவர் தெரிந்தெடுத்ததே ஓடுவதற்கும் இழுப்பதற்கும். பஸ்ஸை விட்டது, வானை விட்டது, சைவத்தையே கொஞ்சம் விட்டது எல்லாம் அதற்காக. இதையெல்லாம் அவர் சொல்லத் தொடங்கும்போது மாமி உறுதி எழுதும் நொத்தாரிசுவின் பேரை எடுத்தார். ஓடுகிற சாமானைச் சீதன உறுதியில் வீடு என்று எழுத முடியாதாம். நிலத்தோடு பொருந்தி இருக்க வேண்டுமாம். விசாரித்தோம், அது உண்மைதான். அம்மாவுக்குப் புத்தூரில் பங்காக வந்த ஒரு துண்டுக் கற்காணி இருந்தது. அதில் லொறியைக் கொண்டுபோய் மேற்கைப் பார்க்க நிறுத்தினோம்.

சில்லுகளைக் கழற்றியவர் கதிரவேலு. சேட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பானருக்கு மேல் ஏறி நின்று நின்று ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினார். அக்கா பக்கத்தில் நின்று வியர்வை துடைக்கத் துவாய் கொடுத்தாள். இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை. அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள். சுண்ணாம்புக் கல்லை அடுக்கி மண்ணால் பூசி அத்திவாரம் எழுப்பினோம். மேலே கிடுகுக் கூரையும் வந்தது. சில்லுகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மாமியிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. அவை அச்சுவேலியில் தன் வீட்டு அறைக்குள் பத்திரமாக இருக்கட்டும் என்றார். சம்பந்தி ஒருநாள் மனம் மாறி வீட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? சில்லுகளை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினோம். தன் லொறியைப் பார்க்க வந்த யாகோப்பு, ஓடுகிற மாட்டின் காலை வெட்டிப்போட்டுக் கொம்புக்குப் பொட்டு வைக்கிற சனம் என்று எங்களைத் திட்டிவிட்டுத் தண்ணீரும் குடிக்காமல் போனார்.

நாள் வைக்கலாம் என்று இருந்தபோது மாமி கிணறு கேட்டார். கிணறில்லாத வளவில் மருமகள் அயலில் போய் அள்ளுவதா? எங்கள் மண்ணில் கிணறு என்றால் கல்லுக்கு வெடி வைக்க வேண்டும். வெடிமருந்து தடை. அதற்குள் சித்திரையும் பிறந்து சண்டையும் திரும்பத் தொடங்கிவிட்டது. வானத்திலிருந்து ஊரெல்லாம் குண்டு விழுந்தது. எங்கள் கற்காணியில் மட்டும் ஒன்றும் விழவில்லை. ஒன்று விழுந்தால் வேலை முடிந்துவிடும் என்று அக்கா ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள். ஐயாவும் கதிரவேலுவும் அலவாங்கால் கொத்திக் கொத்தி, புரட்டாசிக் கடைசியில்தான் தண்ணீர் கண்டார்கள். ஐப்பசியில் கலியாணம் என்று நாள் குறித்தார்கள்.

ஐப்பசி பிறக்கும்போது பலாலி முகாம் பக்கமிருந்து ஆமி வெளிக்கிட்டது. அச்சுவேலிச் சனம்தான் முதலில் இடம்பெயர்ந்தது. ஒரு காலை, கதிரவேலு தாயைக் கரியரில் வைத்துக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்தார். மாமி ஒரு சீலைப் பொட்டளியை மடியில் கட்டியிருந்தார், வேறொன்றும் இல்லை. ஐயா வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சில்லு எங்கே என்றுதான் கேட்டார். கதிரவேலு தாயைப் பார்த்தார். மாமி நிலத்தைப் பார்த்தார். செல் குண்டு ஒன்று எங்கள் தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போனது.

வலிகாமத்தில் ஓடக்கூடிய ஒரே வீடு அத்திவாரத்தின் மேல் கிழக்கைப் பார்த்து நின்றது. ஐயா அதன் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்து இடுப்பில் சொருகினார். நான் சிரித்திருப்பேன். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

மிஞ்சியது கார். மாமியால் நடக்க முடியாது, இந்தச் சனத்துக்குள் சைக்கிள் ஓட்டவும் முடியாது. அவரைப் பின்சீற்றில் இருத்தி, சாமான் மூட்டைகளைச் சுற்றி அடைத்தோம். எனக்குத்தான் வித்தை தெரியும் என்று என்னைச் சுக்கானில் இருத்தினார்கள். முன்னால் கயிற்றைக் கட்டி ஐயாவும் கதிரவேலுவும் அக்காவும் இழுத்தார்கள். அம்மா பின்னால் நின்று தள்ளினாள். வாதரவத்தைப் பக்கமாகத் தென்மராட்சிக்குப் போகிற பாதை அது. முன்னுக்கும் பின்னுக்கும் சனம். ஆடுகள், சைக்கிள்கள், கட்டிலோடு தூக்கி வந்த நோயாளிகள். மழை தொடங்கியது. மழைக்கு யன்னல் கண்ணாடியை ஏற்ற முடியவில்லை, அது எப்போதோ உடைந்துவிட்டது. அக்காவின் பின்னல் அவிழ்ந்து முதுகில் ஒட்டிக்கிடந்தது. கயிறு அவளுடைய தோளை அறுத்ததை நான் பார்த்துக்கொண்டே சுக்கானைப் பிடித்திருந்தேன். சீதனம் பேசிப் பேசி எங்களை அங்கே கொண்டுவந்த அந்த மனிதக் கூட்டத்தின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

வயல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தின் கீழ் சூலம் நட்ட சின்ன வைரவர் கோயில் இருந்தது. அதற்குக் கிட்ட வரும்போது மாமி பின்சீற்றில் இருந்து, யன்னலால் தலையை நீட்டி ஐயாவோடு கதைத்தார்.

"அண்ணை, அங்காலை போன உடனை ஒரு துண்டுக் காணி பாருங்கோ. ஒரு வீடு எழும்பட்டும். தைக்குப் பிறகு கலியாணத்தை வைப்பம்."

ஐயா ஓம் என்று தலையாட்டினார். சத்தியமாகத் தலையாட்டினார்.

அக்கா நின்றாள். தோளில் இருந்த கயிற்றைக் கழற்றி நிலத்தில் போட்டாள். நான் பிறேக்கை மிதித்தேன். அவள் மாமியைத் திரும்பியும் பார்க்கவில்லை, ஐயாவையும் பார்க்கவில்லை. கதிரவேலுவுக்கு நேரே போய் நின்றாள். ஐந்து வருசத்தில் அவள் அவரோடு அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

"சில்லைக் கழட்டச் சொன்னது உங்கடை அம்மா. கழட்டினது நீங்கள். துவாயோடை பாத்துக்கொண்டு நிண்டது நான். இனி நான் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன். காருக்குள்ளை இருக்கிறது என்ரை மாமியெண்டால் எந்த ஊர்மட்டும் சொன்னாலும் இழுக்கிறன். அச்சுவேலி இரத்தினம்மா எண்டால், நீங்களே இழுத்துக்கொண்டு போங்கோ."

சனம் எங்கள் இரண்டு பக்கத்தாலும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. கதிரவேலு மழையில் நனைந்துகொண்டு நின்றார். பழக்கதோசத்தில் சைக்கிளைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் காருக்குக் கிட்ட வந்து யன்னலுக்குள் கையை நீட்டினார்.

"அம்மா, கொடியைத் தாங்கோ."

மாமி மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தாலிக்கொடி அந்தப் பொட்டளிக்குள்தான் இருந்தது. வீட்டை விட்டு ஓடும்போது அவர் எடுத்துவந்த ஒரே சாமான் அது. நாள் இல்லை, ஐயர் இல்லை, மேளம் இல்லை, நடுறோட்டில் என்ன கலியாணம் என்றார். கதிரவேலு நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் மாமி முடிச்சை அவிழ்த்தார்.

வைரவருக்கு முன்னால் வைத்துக் கட்டினார்கள். அம்மா தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அக்காவுக்கு வைத்தாள். மழையில் அது உடனே வழிந்தது. ஐயா மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்கும்போது, சொன்ன சீதனத்தைத் தரவில்லையே என்று முணுமுணுத்தார். பக்கத்தால் போன யாரோ ஒரு கிழவர் தலையிலிருந்த மூட்டையை இறக்காமலே அட்சதை போடுவதுபோலக் கையை உயர்த்திவிட்டுப் போனார். நான் சுக்கானை விட்டு இறங்கவில்லை, பிறேக்கை விட்டால் கார் உருண்டுவிடும். அங்கிருந்தே அழுதேன். சந்தோசம்தான், வேறொன்றும் இல்லை.

அக்கா திரும்பி வந்து கயிற்றைக் குனிந்து எடுக்கப் போனாள். அப்போது பின்கதவு திறந்தது. மாமி ஒரு காலை வெளியே வைத்தார், மற்றக் காலையும் வைத்தார், கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பிச் சேற்றில் நின்றார்.

"உந்தக் கயித்தை விடு பிள்ளை. கழுத்திலை தாலி ஏறின பொம்பிளை கயிறு இழுத்துக்கொண்டு புகுந்தவீட்டுக்குப் போறதோ? காருக்குள்ளை ஏறு. அவனும் ஏறட்டும்."

மாமி, உங்கள் முழங்கால் என்று அக்கா சொன்னாள். முழங்காலை விட முறை பெரிது என்று மாமி அதட்டினார். அக்கா ஏறினாள். கதிரவேலு, இனி எனக்கு அத்தான், தயங்கித் தயங்கி அவளுக்குப் பக்கத்தில் மூட்டைகளுக்குள் நெருக்கிக்கொண்டு இருந்தார். ஐயா கயிற்றைத் தோளில் போட்டார். யாரோ முன்பின் தெரியாத இரண்டு பெடியங்கள் கேட்காமலே வந்து கை கொடுத்தார்கள். மாமி அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று காரின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றினார். நான் பிறேக்கை விட்டேன். கார் அசைந்தது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன், அக்கா முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடி விம்மிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால், கண் எட்டுமட்டும், பாதை நிறையச் சனம் வந்துகொண்டிருந்தது. கலியாண ஊர்வலம் ஒன்றுக்கு அத்தனை சனம் வந்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.